வேற்றுமுகம்

"கொழந்தை முகம் பார்க்குதா?"

செங்கல்பட்டுப் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும் பாட்டிமார்கள், இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ தவறாமல் கேட்கிற கேள்வி இது. பால் குடிக்கிறதா, ராத்திரி தூங்க விடுகிறதா என்பதற்கு அடுத்து இதுதான். பதிலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். தூளியை விலக்கிக் குனிந்து, நாக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பி, குழந்தையின் பார்வை தன் கண்ணில் வந்து நிற்கிறதா என்று தாங்களே பார்த்துவிடுவார்கள். நின்றால் ஒரு சிரிப்பு. "பார்த்துடுச்சு, பார்த்துடுச்சு."

ஏழெட்டு மாதம் கழித்து அதே பாட்டி வந்து தூக்கினால் குழந்தை வீல் என்று கத்தும். அம்மாவுக்குச் சங்கடம். பாட்டிக்கு வருத்தமே இல்லை. "வேத்துமுகம் வந்துடுச்சு, விடு" என்பார். தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு வந்துவிட்டது என்று பொருள். அந்த அழுகை வளர்ச்சியின் அடையாளம் என்பது நம் வீடுகளுக்குக் காலங்காலமாகத் தெரியும்.

முகம் பார்ப்பதற்கும் வேற்றுமுகம் வருவதற்கும் நடுவே உள்ள அந்தச் சில மாதங்களில் குழந்தைக்குள் நடப்பதை விஞ்ஞானிகள் ஐம்பது வருடங்களாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் புரிந்துகொள்ள அது உதவும் என்பதும் ஒரு காரணம். தமிழில் மதியிறுக்கம் என்றும் வேறு பெயர்களிலும் எழுதுகிறார்கள். பெற்றோர் வாயில் ஆட்டிசம் என்ற சொல்தான் புழங்குகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஆறு வயதுப் பையன் ஒருவன். ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். தாத்தா என்றால் அவனுக்கு உயிர். தினமும் சாயங்காலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொளவாய் ஏரிப் பக்கம் ரயில் பார்க்கப் போவான். எத்தனை பெட்டி என்று எண்ணிவிட்டுத்தான் வீடு திரும்புவான். ஒருமுறை தாத்தா திருப்பதி போய், தலைமுடி, மீசை எல்லாவற்றையும் காணிக்கை செலுத்திவிட்டு வந்தார். நான்கு நாள் பிரிவுக்குப் பிறகு வாசலில் வந்து நின்றவரைப் பையன் ஒரு பார்வை பார்த்தான். பேப்பர் போடுகிறவரைக் கடந்து போவதுபோல் பக்கவாட்டில் நழுவி உள்ளே போய்விட்டான்.

தாத்தாவின் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "இத்தனை வருஷம் தூக்கி வளர்த்தேன். பாசமே ஒட்டல பாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திண்ணையில் உட்கார்ந்து, வழக்கம்போல் தொண்டையைச் செருமினார். உள்ளேயிருந்து பையன் ஓடி வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு தெருப் பக்கம் இழுத்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

பாசம் எங்கேயும் போகவில்லை. அவனுடைய தாத்தா ஒரு செருமலிலும், ஒரு உள்ளங்கையிலும், வெள்ளை மீசையிலும் இருந்தார். மீசை போனதும் முகம் என்ற வாசல் அடைத்துக்கொண்டது. செருமல் என்ற வாசல் திறந்தே இருந்தது. இதைத் தாத்தாவுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதனால்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முடியையும் மீசையையும் வைத்து ஆளை அடையாளம் காண்பது ஆட்டிசத்துக்கு மட்டும் உரியதில்லை. சூசன் கேரி, ரியா டைமண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1977-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வயதுக் குழந்தைகள் தொப்பி, தலைமுடி போன்ற மேல் அலங்காரங்களைப் பார்த்து எளிதாக ஏமாந்தார்கள்; பத்து வயதுக்காரர்கள் அவ்வளவாக ஏமாறவில்லை. முகம் படிப்பது பிறவியிலேயே முடிந்துவிடும் வேலை இல்லை. பத்து வயதைத் தாண்டியும் அது கூர்மையாகிக்கொண்டே போகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் இந்தப் பாதையில் மெதுவாக நடக்கிறார்கள். சிலர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு தடங்கலும் இல்லாதவர்களும் உண்டு.

"முகம் தெரிகிறது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நான்கு வேலைகளாவது இருக்கின்றன. எதிரில் இருப்பது ஒரு முகம் என்று கண்டுகொள்வது ஒன்று. அது யார் முகம் என்பது இன்னொன்று. அந்த முகத்தில் கோபமா, சிரிப்பா, சலிப்பா என்பது மூன்றாவது. அந்தக் கண்கள் எங்கே பார்க்கின்றன, எதைச் சுட்டுகின்றன என்பது நான்காவது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் தமிழில் அழகான பழைய பெயர் உண்டு: குறிப்பறிதல். திருக்குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. அரசவையிலும் காதலிலும் வாய் பேசாததை முகம் பேசும் என்று வள்ளுவர் இரண்டு இடத்தில் நின்று சொல்லியிருக்கிறார் என்றால், அது எவ்வளவு பெரிய திறமை என்று யோசித்துப் பார்க்கலாம்.

யார் என்று அறிவதும் குறிப்பறிவதும் தனித்தனி வேலைகள் என்பதற்குச் சாட்சி, முகக்குருடு என்று சொல்லத்தக்க நிலையில் வாழ்கிறவர்கள். புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அப்படிப்பட்டவர். நெருங்கிப் பழகியவர்களைக்கூட முகத்தை வைத்து அவரால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஆனால் இந்த நிலையில் உள்ள பலரால் எதிரே இருப்பவர் வருத்தத்தில் இருக்கிறாரா, மகிழ்ச்சியில் இருக்கிறாரா என்று சொல்ல முடியும். ஆட்டிசத்திலும் நான்கு வேலைகளும் ஒரே அளவில் தடுமாறுவதில்லை. எதில் தடுமாற்றம் என்று பிரித்துப் பார்க்காமல் "இவனுக்கு யாரையும் தெரியாது" என்று ஒரே கோணியில் கட்டிவிடுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

இனி, யார் என்று அறியும் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வீட்டில் பழைய கல்யாண ஆல்பம் இருந்தால் எடுத்து, நிறையப் பேர் நிற்கும் ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நாற்காலி நாற்காலியாகத் தெரியும், வாழைமரம் வாழைமரமாகத் தெரியும். முகங்கள் மட்டும் கைவிட்டுப் போகும். சொந்தச் சித்தப்பாவே அந்நியராகத் தெரிவார். ராபர்ட் யின் 1969-ல் இதைச் சோதனையாகச் செய்து காட்டினார். வீடு, விமானம் போன்ற பொருள்களைத் தலைகீழாக்கினாலும் சிரமம்தான், ஆனால் முகங்களில் அந்தச் சிரமம் மிக அதிகம். 1980-ல் பீட்டர் தாம்சன் இன்னும் ஒரு படி போய், அன்றைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்ணையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். படத்தைத் தலைகீழாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நேராகத் திருப்பினால் குலை நடுங்கும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நாம் முகத்தை மூக்கு, வாய், கண் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்ப்பதில்லை. கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி, மூக்கின் கீழே வாய் அமர்ந்திருக்கும் வாகு, இவை எல்லாம் சேர்ந்த ஒரு கட்டுமானத்தை ஒரே மடக்கில் விழுங்குகிறோம். முகவெட்டு, சாயல், ஜாடை என்று தமிழில் சொல்வதெல்லாம் இந்த முழுமையைத்தான். "அவ மூக்கு அம்மா மாதிரி இல்ல, கண்ணும் இல்ல, ஆனா ஜாடை அப்படியே அம்மா" என்று நம்மவர்கள் சொல்லும்போது ஆய்வாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

மாமல்லபுரத்தில் சிற்பிகள் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறார்கள். 1957-ல் தொடங்கப்பட்ட அரசினர் சிற்பக்கலைக் கல்லூரியிலும், ஊருக்குள் உளிச்சத்தம் கேட்கும் பட்டறைகளிலும், முகம் அளவிலிருந்து பிறக்கிறது. ஒரு முகத்தின் நீளம் ஒரு தாளம். அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரிப்பார்கள் (இது அடிக்கோல் அங்குலம் இல்லை, சிற்பத்துக்குள்ளேயே பிறக்கும் அளவு). முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை நான்கு, புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை நான்கு, மூக்கு நுனியிலிருந்து மோவாய் வரை நான்கு. அந்த முகத்தை அளவுகோலாகக் கொண்டே முழு உருவமும் எழும். நவதாளம் என்றால் ஒன்பது முகம் உயரம். எல்லாம் முடிந்து கடைசியில்தான் கண் திறப்பார்கள். கண் திறக்கும் வரை அது வேலை நடக்கிற கல். திறந்ததும் அது யாரோ ஒருவர்.

ஆட்டிசம் உள்ள குழந்தை சிற்பியைப் போல் பகுதி பகுதியாக முகத்தைப் பார்க்கிறது, நாம் முழுதாகப் பார்க்கிறோம் என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். அந்த உவமை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆதாரமும் இருந்தது. 1978-ல் டிம் லாங்டெல் என்ற ஆய்வாளர், கூடப் படிக்கும் பிள்ளைகளின் புகைப்படங்களில் பாதியை மறைத்து யார் என்று கேட்டார். மற்றக் குழந்தைகள் கண் பகுதி தெரிந்தால் எளிதாகச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகள் முகத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் வைத்து மற்றவர்களைவிட நன்றாகச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள சற்றுப் பெரிய பிள்ளைகள் தலைகீழ்ப் படங்களிலும் அசத்தினார்கள். பகுதி பகுதியாகப் பார்க்கிறவனுக்குத்தானே தலைகீழ் தொல்லை தராது?

பிறகு வந்த ஆய்வுகள் இந்த அழகான முடிவைக் கலைத்துவிட்டன. சாரா வைகல்ட், கேமி கோல்டவைன், நான்சி கான்விஷர் மூவரும் 2012-ல் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை ஒன்றாகப் போட்டு அலசினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் முகத்தைத் தலைகீழாக்கினால் தடுமாறத்தான் செய்கிறார்கள். அதாவது அவர்களும் முழுமையைப் பார்க்கிறார்கள். பார்க்கும் முறை அடியோடு வேறு இல்லை. வேறுபாடு அளவில் இருக்கிறது, அதிலும் நினைவில் இருக்கிறது. இரண்டு முகங்களை அருகருகே வைத்து ஒன்றா வேறா என்று கேட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். ஒரு முகத்தைக் காட்டி, மறைத்து, சற்று நேரம் கழித்து வேறு முகங்களோடு கலந்து காட்டும்போதுதான் வழுக்குகிறது.

தெருவில் வாழும் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டாவது வகைச் சோதனைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அத்தையை வாசலில் பார்த்தது நேற்று. இன்று அவர் நிற்பது மார்க்கெட்டில், வேறு புடவையில், தலை குளித்து முடியை விரித்துப் போட்டுக்கொண்டு. யாரும் இரண்டு அத்தைகளையும் அருகருகே நிறுத்திக் காட்டப் போவதில்லை. ஆட்டிசத்தோடு வாழ்ந்து கால்நடை அறிவியல் பேராசிரியராக உயர்ந்த டெம்பிள் கிராண்டின், ஒருவரைப் பல தடவை பார்த்தாலொழிய முகம் தனக்கு நினைவில் நிற்பதில்லை என்றும், பெரிய தாடி போல ஏதாவது துருத்திக்கொண்டு தெரிந்தால் பிழைத்தேன் என்றும் எழுதியிருக்கிறார். எங்கள் தெருப் பையனின் மீசைக் கணக்கும் அதுதான்.

நினைவு ஏன் வழுக்குகிறது? இங்கேதான் பாட்டியின் கேள்விக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

1975-ல் ஒரு ஆய்வு, பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகள் முகம் போல வரைந்த பலகையை, குழப்பி வரைந்த பலகையைவிட அதிகமாகக் கண்ணால் பின்தொடர்ந்ததைக் காட்டியது. முகத்தை நோக்கித் திரும்பும் ஒரு சாய்வோடு மனிதக் குழந்தை வருகிறது. வாரன் ஜோன்ஸ், ஆமி கிளின் இருவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பச்சைக் குழந்தைகளுக்கு ஒரு பெண் கொஞ்சிப் பேசும் காட்சிகளைக் காட்டி, பார்வை எங்கே போகிறது என்று கருவியால் அளந்து, 3 வயது வரை அவர்களைத் தொடர்ந்தார்கள். பின்னால் ஆட்டிசம் என்று தெரியவந்த குழந்தைகளும் இரண்டாம் மாதத்தில் கண்களைப் பார்த்தார்கள். இரண்டாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் நடுவில் அந்தப் பார்வை சிறுகச் சிறுகக் கண்ணை விட்டு நழுவியது. முகம் பார்த்த குழந்தைதான் அது. வேற்றுமுகம் வருவதற்கு முன்னால் பாதை திரும்பியிருக்கிறது.

"நல்லாத்தானே முகம் பார்த்துச்சு, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கண்ணீரோடு கேட்கும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்தது உண்மை. பிறகு நழுவியதும் உண்மை. அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

நழுவினால் என்ன ஆகும்? முகம் படிப்பது பழக்கத்தால் தேர்வது. மூளையின் அடிப்பகுதியில், வலப்பக்கம் பின்புறமாக, முகங்களுக்கென்றே விழித்தெழும் ஒரு சிறு இடம் உண்டு. கான்விஷர் 1997-ல் அதை எடுத்துக் காட்டினார். ஆட்டிசம் உள்ளவர்கள் முகம் பார்க்கும்போது அந்த இடம் மற்றவர்களைவிட மந்தமாக இருக்கிறது என்று 2000-த்தில் ராபர்ட் ஷூல்ட்ஸ் குழு கண்டது. அந்த இடமே பழுது என்று அப்போது பலரும் எண்ணினார்கள். 2005-ல் ஒரு பையனைப் பற்றிய குறிப்பு வந்தது. ஆட்டிசம் உள்ள அவனுக்கு டிஜிமான் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்கள் என்றால் பைத்தியம். மனித முகங்களைக் காட்டியபோது மந்தமாக இருந்த அதே இடம், டிஜிமான்களைக் காட்டியபோது நன்றாக விழித்துக்கொண்டது. இடம் செத்துக் கிடக்கவில்லை. அவன் மனம் எங்கே தங்கியதோ அங்கே அது வேலை செய்தது.

அப்படியானால் பார்க்கவைத்துவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். மோவாயைப் பிடித்துத் திருப்பி "கண்ணைப் பாரு, என் கண்ணைப் பாரு" என்று சொல்லிக் கொடுப்பதை வீடுகளிலும் பயிற்சி அறைகளிலும் பார்க்கலாம். எனக்கு இதில் சம்மதம் இல்லை. 2005-ல் கிம் டால்டன் குழு செய்த ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் எவ்வளவு நேரம் கண்களைப் பார்த்தார்களோ அவ்வளவுக்கு மூளையில் பயத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய அமிக்டலா பகுதி கிளர்ந்தெழுந்தது. வளர்ந்த பின் பேசவும் எழுதவும் முடிந்த பலர், கண்ணைப் பார்ப்பது வெயிலை நேரே பார்ப்பது போல் கூசுகிறது என்கிறார்கள். எல்லாக் குழந்தைக்கும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒருவனுக்குக் கண்கள் சுவாரசியமில்லாமல் இருக்கலாம், இன்னொருவனுக்குத் தாங்க முடியாத அளவு சுவாரசியமாக இருக்கலாம். கூசுகிற குழந்தையின் மோவாயைத் திருப்பினால் அது முகத்தைக் கற்காது. முகத்தைக் கண்டு பயப்படக் கற்கும்.

முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. ஆட்டிசமா என்று பரிசோதிக்கச் செங்கல்பட்டிலிருந்து வருகிறவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து பஸ் மாறி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடலோரமாகப் போக வேண்டும். நம் நாட்டில் ஆட்டிசத்தை அளக்கப் பயன்படும் அளவுகோலில் 40 குறிப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். அந்த நாற்பதில் முதல் குறிப்பே கண்ணோடு கண் பார்ப்பது பற்றியது. பெரியவர்களை நேருக்கு நேர் பார்க்காமல் தலை குனிவதை மரியாதை என்று சொல்லி வளர்க்கும் ஊரில் இந்தக் குறிப்புக்கு மதிப்பெண் போடுவதற்கு அனுபவம் வேண்டும். தலை குனிந்த பிள்ளை ஓரக்கண்ணால் திருடிப் பார்க்கும். பெரியவர் திரும்பியதும் நிமிர்ந்து பார்க்கும். அந்தத் திருட்டுப் பார்வை இருக்கிறதா என்று காத்திருந்து கவனிக்கும் நிதானம் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டனாகா குழு முகம் பழக்கும் கணினி விளையாட்டுகளை உருவாக்கி, 20 மணி நேரம் விளையாடிய குழந்தைகளிடம் சில திறன்களில் ஓரளவு முன்னேற்றம் கண்டது. ஓரளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதிசயம் நடக்கவில்லை, ஆனால் அசைவு இருந்தது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது குரங்கு முகங்களை வைத்துச் செய்த ஆய்வு. ஆறு மாதக் குழந்தைகளால் ஒரு குரங்கையும் இன்னொரு குரங்கையும் முகத்தை வைத்துப் பிரித்தறிய முடியும். ஒன்பது மாதத்தில் அந்தத் திறன் போய்விடும். ஒலிவியே பாஸ்காலிஸ் குழு 2002-ல் கண்டது இது. வேற்றுமுகம் வரும் வயதில் மனித முகங்களுக்கு மட்டுமாகக் கண் கூர்மைப்படுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பின்னர் லிசா ஸ்காட்டும் அலெக்சாண்ட்ரா மோனசனும் 2009-ல் குரங்குப் படப் புத்தகங்களைப் பெற்றோரிடம் கொடுத்துக் குழந்தைகளுக்குக் காட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு குரங்குக்கும் தனிப் பெயர் சொல்லிக் காட்டப்பட்ட குழந்தைகள் ஒன்பது மாதத்திலும் பிரித்தறிந்தார்கள். எல்லாவற்றையும் "குரங்கு" என்றே சொல்லிக் காட்டப்பட்டவர்கள் பிரித்தறியவில்லை.

அவர்கள் ஆட்டிசம் இல்லாத கைக்குழந்தைகள். அப்படியே எடுத்து நம் பிள்ளைகளுக்கு ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் வரும் ஆண்கள் எல்லாரும் மாமா, பெண்கள் எல்லாரும் அத்தை. முகத்தை நினைவில் நிறுத்தத் திணறும் குழந்தைக்கு இருபது முகங்களையும் ஒரே பெயரில் கட்டிக் கொடுக்கிறோம். இதற்கு மாற்று மருந்தும் நம்மிடமே இருக்கிறது: திருக்கழுக்குன்றம் அத்தை, மதுராந்தகம் மாமா, கல்பாக்கம் சித்தி. ஊரைச் சேர்த்தால் ஒவ்வொருவரும் தனியாள் ஆகிவிடுகிறார்கள்.

எங்கள் தெருப் பையன் வீட்டில் இப்போது ஒரு ஆல்பம் இருக்கிறது. பக்கத்துக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று படம், வேறு வேறு உடையில், வேறு வேறு தலையலங்காரத்தில். தாத்தாவுக்கு மீசையோடு ஒன்று, மொட்டையோடு ஒன்று. இரண்டுக்கும் கீழே ரயில் படம் ஒட்டியிருக்கிறது. கேட்டில் நுழையும் யாரும் செருப்பைக் கழற்றும்போதே பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது வீட்டு வழக்கம். மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிற நாளில் அவன் அம்மா எப்போதும் அதே ஆரஞ்சுத் துப்பட்டாவைப் போட்டுக்கொள்கிறார். கூட்டத்தில் அவன் தேடுவது அந்த நிறத்தை.

போன மாதம் திருக்கழுக்குன்றம் அத்தை வந்திருந்தார். கேட்டிலேயே குரல் கொடுத்தார். பையன் வந்து சற்று எட்டி நின்றான். அவர் காலைப் பார்த்தான், கைப்பையைப் பார்த்தான். பிறகு கிட்ட வந்து, கண்ணுக்குப் போகாமல், ஒரு விரலை நீட்டி அவருடைய எட்டுக்கல் மூக்குத்தியைத் தொட்டான். அத்தை அசையாமல் குனிந்தபடியே நின்றார். அவன் உள்ளே ஓடிப் போய் ஆல்பத்தைக் கொண்டுவந்து, சரியான பக்கத்தைத் திறந்து, அவர் மடியில் வைத்தான்.

"யாருடா இது?" என்றார் அத்தை.

"மூக்குத்தி" என்றான்.

"ஆமாண்டா கண்ணு. மூக்குத்திதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.